மூன்று கிலோமீட்டர் ஆறு

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்களே, பந்தலுக்குள் இடம் கிடைக்காமல் தேரடியில் நிற்கிற சொந்தபந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'நிறைவான வாழ்க்கை நம் நாட்டிலா, சிங்கப்பூரிலா?' என்பது தலைப்பு. காவிரிக் கடைமடையில் நின்றுகொண்டு சிங்கப்பூர் பக்கம் பேச வந்திருக்கிறேன். நான் வீடு போய்ச் சேருவேனா என்பது இனி உங்கள் கையில்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "குடிக்கிற தண்ணீரையே மலேசியாவில் வாங்குகிற ஊர் அது. நமக்குக் காவிரித்தாய் இருக்கிறாள்" என்றார். நல்ல கைதட்டல். சரி, தண்ணீரிலேயே ஆரம்பிப்போம்.

சிங்கப்பூருக்கும் ஓர் ஆறு உண்டு. மொத்த நீளமே மூன்று கிலோமீட்டர் சொச்சம். நம்ம பாசன வாய்க்கால் பலதும் அதைவிட நீளம். ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைக் கழிவும் சாக்கடையும் கலந்து நாறிக் கிடந்த ஆறு அது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடம் கெடு வைத்தார். 1987-ல் ஆறு சுத்தமாகிவிட்டது. அதோடு விட்டார்களா? 2008-ல் கடல் முகத்தில் தடுப்பணையைக் கட்டி, அந்தத் தண்ணீரையும் குடிநீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். மலேசியாவின் ஜொகூரோடு 1962-ல் போட்ட தண்ணீர் ஒப்பந்தம் 2061 வரை செல்லும். இருந்தும் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2003 முதல் கழிவுநீரையே சுத்திகரித்துப் பயன்படுத்துகிறார்கள், கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள்.

நம்ம கதைக்கு வருவோம். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2020-ல் அந்தத் தேதியில் திறந்ததே பெரிய செய்தியானது. ஏனென்றால் அதற்கு முன் எட்டு வருடம் அந்தத் தேதிக்குத் தண்ணீர் வரவில்லை. திறந்தாலும் கல்லணை தாண்டி நம்ம மடைக்கு வருவதற்குள் குறுவைக்காரன் பாதி வானத்தைப் பார்த்தே கிழவனாகிவிடுகிறான். கர்நாடகம் தரவில்லை என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய்க்காலில் மண்டிக் கிடக்கிறதே ஆகாயத்தாமரை, அதுவுமா கர்நாடகத்திலிருந்து வருகிறது?

இன்னொரு அண்ணன் திண்ணையைப் பற்றி உருகினார். "அங்கே எல்லாம் புறாக்கூண்டு, பக்கத்து வீட்டுக்காரன் முகம்கூடத் தெரியாது" என்றார். என் அண்ணன் அங்கே நிரந்தரவாசி. அண்ணி பிரசவத்துக்கு ஒத்தாசையாக நான் ஒரு மாதம் தங்கினேன். அரசு வீட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடி. அந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறார்கள். கட்டடத்தின் அடித்தளத்தை வீடு கட்டாமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். காலையில் கிழவர்கள் அங்கே உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார்கள், ஒரு சனிக்கிழமை மலாய்க்காரர் கல்யாணம், அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு சீனப் பாட்டியின் சாவு வீடு. திண்ணை என்றால் வேறென்னங்க?

அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் என்று வரம்பு வைத்து, சீனரையும் மலாய்க்காரரையும் தமிழரையும் கலந்தே குடிவைக்கிறார்கள். நம்ம ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று முகவரி சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. 1968-ல் 44 தலித் மக்கள் குடிசையோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அதனால் திண்ணைப் பெருமையைக் கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம் அண்ணே.

ஆயுளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அங்கே சராசரி 83-ஐ ஒட்டி, இந்தியாவில் 70-ஐ ஒட்டி, தமிழ்நாட்டில் கொஞ்சம் கூடுதல். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறு. இரவு பதினோரு மணிக்கு, கழுத்தில் சங்கிலியோடு, ரயில் நிலையத்திலிருந்து தனியாக நடந்து வந்தேன். இங்கே எட்டு மணி டவுன் பஸ்ஸை விட்டுவிட்டால் அப்பா சைக்கிளோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். பந்தலில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இது புரியும், அவர்கள் கைதட்டாவிட்டாலும்.

எதிரணி சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒர்க் பெர்மிட்டில் போகிற நம்ம பையன் பெண்டாட்டி பிள்ளையை அங்கே குடிவைக்க முடியாது. லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறான், தங்கும் விடுதியில் பத்துப் பேரோடு படுக்கிறான். அவனுக்கு அந்த நாடு முழு வாழ்க்கையைத் தரவில்லை. இதை அவர்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள் நடுவரே. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் நம்ம கூரையைப் பிய்த்துப் போட்டபோது, பல வீடுகளுக்கு ஓடும் தளமும் போட்டது அந்த லாரிப் பையன் அனுப்பிய சிங்கப்பூர் வெள்ளிதான். நிறைவான வாழ்க்கை இங்கேயே கிடைத்திருந்தால் அவன் எதற்குத் திருச்சியில் விமானம் ஏறினான்?

மணி அடித்துவிட்டார்கள். நான் பேசும்போதே ஒரு தடவை கரண்ட் போய் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். இப்போது பந்தலுக்குப் பின்னால் ஓடுவது ஜெனரேட்டர். உபயம் யார் என்று திருவிழா நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: 'சிங்கப்பூர் வாழ் நம்மூர் இளைஞர்கள்'. அடுத்துப் பேசப்போகிற எதிரணி அண்ணன் தைரியமாகப் பேசலாம், மைக் நிற்காது.