ஒன்பது பத்து

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பினாங்கு உறவுகளே, வணக்கம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் பெரிதும் கைவருவது ஆடல் பாடலாலா, அன்றாடப் பயிற்சியாலா என்பது இன்றைய கேள்வி. அன்றாடப் பயிற்சியால்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். இந்தத் தீவின் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றினேன். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் முதலாம் ஆண்டு வகுப்பிலேயே கழிந்தன.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி பலத்த கைதட்டலோடு அமர்ந்திருக்கிறார். ஒரே எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுத வைக்கும் ஆசிரியர்கள் பூப்போன்ற பிள்ளைகளைச் செக்குமாடாக்குகிறார்கள் என்றும், அந்த மாடு நாளெல்லாம் நடந்தாலும் ஓர் ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை என்றும் அவர் சொன்னார். எழுதிக்கொண்டு வந்த குறிப்புகள் என் கையில் இருக்கின்றன. ஆனால் அந்த மாட்டை அவிழ்த்துவிடாமல் அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

தம்பி, செக்குமாடு ஊர் போய்ச் சேர்வதற்காக நடப்பதில்லை. உரலில் போட்ட எள் எண்ணெயாக இறங்க வேண்டும் என்பதற்காக நடக்கிறது. தூரத்தில் நின்று மாட்டை மட்டும் பார்த்தவருக்குச் சுற்றுத்தான் தெரியும். செக்கின் அடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு எண்ணெய் தெரியும். நான் 31 ஆண்டுகள் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தவள்.

அந்தச் சுற்றில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அவையோர் அனைவரும் ‘கெ’ என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் பிறப்பது ‘க்’, அதன் பிறகுதான் ‘எ’. ஆனால் தாளில் முதலில் எழுத வேண்டியது கொம்பு. அதன் பிறகே ‘க’ வருகிறது. காது ஒரு வரிசையில் கேட்கிறது, கை வேறொரு வரிசையில் எழுத வேண்டியிருக்கிறது. ‘கொ’ இன்னும் கடினம். ஒரே ஒலி எழுத்துக்கு முன்னால் கொம்பாகவும் பின்னால் காலாகவும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நாம் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக எழுதிப் பழகியதால் இதை ஒரு சிக்கலாகவே உணர்வதில்லை. ஏழு வயதை எட்டும் ஆண்டில் வகுப்புக்குள் வரும் பிள்ளையோ, பென்சிலைத் தாளில் ஊன்றி, ‘க்… க்…’ என்று முணுமுணுத்து, ககரத்தை எழுதிவிட்டு, கொம்பு வைக்க இடமில்லாமல் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்துக்கு எந்த விளக்கமும் உதவாது. பத்து முறை, இருபது முறை, நாளைக்கும் மறுநாளும் எழுதிய பிறகு ஒரு நாள் கை தானாகக் கொம்பிலிருந்து தொடங்கும். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை ‘கொக்கு’ என்று எழுதும்போது கொம்பைத் தேடாமல் கொக்கை நினைக்கிறது. அதுதான், தம்பி, செக்கில் இறங்கும் எண்ணெய்.

பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பிலும் நாள்தோறும் பாடினோம். ஆனால் உயிரெழுத்துப் பாடலைத் தேன்போலப் பாடும் பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து, ‘ஏ’ எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அது அகரத்திலிருந்து வாய்க்குள் பாடிக்கொண்டே விரலை நகர்த்தும். பாட்டு சற்று முந்திவிட்டால் விரல் ‘எ’யிலேயே நின்றுபோகும். ‘ஊ’வைத் தனியாக எழுதிக் காட்டினால் ‘உள’ என்று வாசிக்கும், ஏனென்றால் அதன் கண்ணுக்கு அங்கே ஓர் உகரமும் ஒரு ளகரமும் இருக்கின்றன. பாட்டு எழுத்துகளின் வரிசையைக் கொடுத்தது. எழுத்தைக் கொடுப்பதற்கு அந்தப் பிள்ளையின் விரலும் கண்ணும் அந்த எழுத்தோடு பல நாள் பழக வேண்டியிருக்கிறது.

கண்ணைக் கட்டிவிட்டுச் சுற்றவிடும் பயிற்சி தவறு என்பதில் எனக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் பேசுவது கண் திறந்த பயிற்சியைப் பற்றி. அது நம்மவர்களின் பழைய சொத்து. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதையே தம் இல்லத்திலும் புகுத்தினார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. எழுது, தடவி அழி, மறுபடி எழுது என்பதுதான் மணல் சொல்லிக்கொடுத்த பாடம். இதே பினாங்கில் 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து மலேசியத் தமிழ்க்கல்வி தன் வயதை எண்ணுகிறது. 1983இல் கேபிஎஸ்ஆர் என்னும் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் நாடெங்கும் வந்தபோதும் வாசித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகிய மூன்றும்தான் அதன் அடித்தளமாக வைக்கப்பட்டன.

முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டுவிட்டனவே, இனி எதற்கு இந்தப் பயிற்சி என்றும் தம்பி கேட்டார். தேர்வுக்காகப் பயிற்சி கொடுத்தவர்கள் அதற்கு விடை சொல்லட்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நான் கொடுத்த பயிற்சி எதற்காக என்பதை மட்டும் சொல்கிறேன்.

அது 2002ஆம் ஆண்டு. நூறு வரை எண்களை வாசிக்கவும் எழுதவும் கற்கும் பருவம். நான் எண்ணைச் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள். எண்பத்தெட்டு என்றேன், அவன் 88 என்று எழுதினான். எண்பத்தொன்பது என்றேன், 89 என்று எழுதினான். தொண்ணூறு என்றேன். 900 என்று எழுதினான். தொண்ணூற்றொன்று என்றேன். 901 என்று எழுதினான். நான் சிவப்புப் பேனாவை எடுக்கவும் அவன் வருத்தத்தோடு கேட்டான்: “நூறுன்னுதானே சொல்றீங்க, டீச்சர்?”

நடுவர் அவர்களே, இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. பிள்ளையின் காது வழியாக இதைத் திரும்பச் சொல்கிறேன். இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரைக்கும் ஒவ்வொன்றின் வாலிலும் ‘பது’ இருக்கிறது. அதாவது பத்து இருக்கிறது. அவன் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே எண்பது வரை வந்துவிட்டான். அடுத்த படியில் காலை வைத்தால் ‘பது’வைக் காணவில்லை, தொண்ணூறு என்கிறோம், அங்கே நூறு நிற்கிறது. தொள்ளாயிரம் என்கிறோம், அங்கே ஆயிரம் நிற்கிறது. நம் தமிழின் அழகான பழைய சொல் அது. ஆனால் அவன் காது பொய் சொல்லவில்லை. மலாய் வகுப்பில் இதே எண்ணைச் ‘செம்பிலான் பூலோ’ என்று கேட்கும்போது ‘ஒன்பது பத்து’ என்றே அவனுக்குக் கேட்கிறது. அங்கே அவன் தடுமாறவில்லை. தன் தாய்மொழியில் கூர்ந்து கேட்டதால்தான் தவறு செய்தான். நான் தொண்ணூறைப் பத்து முறை எழுத வைத்தேன். திங்கட்கிழமை 90 என்று எழுதியவன் புதன்கிழமை மறுபடியும் 900 என்று எழுதினான். அதுதான் கண்ணைக் கட்டிய பயிற்சி. அந்த மூன்று நாளும் பிழை என்னுடையது.

அந்தச் சனிக்கிழமை மாலை லெபு பாசார் பக்கம் பூ வாங்கப் போனேன். குவீன் வீதி மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், கடையோரம் ஒரு பலகையைப் போட்டு வெற்றிலை விற்கும் பாட்டியின் அருகில் இவன் உட்கார்ந்திருந்தான். வெற்றிலையைக் காம்பு ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, கட்டை விரலால் பத்து எண்ணி, வாழை நாரைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இறுக்கிக் கட்டு போட்டுக்கொண்டிருந்தான். எண்ணுகிறான் என்பதே தெரியாத வேகம். ஏதோ விசேஷ வீட்டுக்குத் தொண்ணூறு வெற்றிலை கேட்டு ஒருவர் வந்தார். அவன் நிமிராமல் ஒன்பது கட்டுகளை எடுத்து நீட்டினான்! வகுப்பில் 900 என்று எழுதிய அதே கை. பாட்டி உடனே ஓர் அட்டைப்பெட்டி மூடியை எடுத்து அதில் கணக்கு எழுதினார். எட்டிப் பார்த்தேன். அதில் 90 இல்லை. 10, 10, 10 என்று ஒரே வரிசையில் ஒன்பது முறை 10 இருந்தது.

அந்த மூடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை வகுப்பில் ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொட்டினேன். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டான். ஒன்பது கட்டு வந்தது. உதிரி ஏதும் மிஞ்சவில்லை. “கட்டு எத்தனை?” “ஒன்பது.” “உதிரி?” “ஒன்னும் இல்ல, டீச்சர்.” கட்டுக்கு 9, உதிரிக்குச் சுழியம். அவன் பாட்டியின் மூடியை ஒருமுறை பார்த்தான், தாளைப் பார்த்தான், 90 என்று எழுதினான்.

தம்பி துள்ளி எழுவது தெரிகிறது. குச்சியும் ரப்பர் வளையமும் விளையாட்டு, நீங்கள் எங்கள் அணிக்குத்தானே பேசினீர்கள் என்று கேட்கப்போகிறார். முதல் நாள் அது விளையாட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். வகுப்பே ஆரவாரித்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படித்தான். பன்னிரண்டாம் நாள் அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இன்னைக்குமா, டீச்சர்?” என்று கேட்டான். விளையாட்டாக மட்டும் இருந்திருந்தால் அங்கேயே குச்சிகள் பெட்டிக்குள் போயிருக்கும். விளையாட்டு அலுத்த இடத்தில் தொடங்குவதுதான் பயிற்சி. ஆறு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். குச்சியைக் கட்டி எழுதினான். பிறகு கட்டாமல் படம் வரைந்து எழுதினான். பிறகு கண்ணை மூடிக் கட்டுகளை நினைத்து எழுதினான். கடைசியில் எதையும் நினைக்காமலே எழுதினான். அந்த வெற்றிலைக் கட்டின் வேகம் மட்டும் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மாலையும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக் கட்டி வந்தது. கட்டுவதோடு எழுதுவதைச் சேர்த்தது மட்டுமே நான் செய்த வேலை.

ஆண்டு இறுதியில் தேர்ச்சி அறிக்கை வாங்க அந்தப் பாட்டி பள்ளிக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீங்கள் எங்கே படித்தீர்கள் அம்மா என்று கேட்டேன். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. அங்கேயும் ஒரு கொட்டகைப் பள்ளி இருந்தது. தாயும் தகப்பனும் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவார்கள். இவர் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகையின் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார். வாத்தியார் பலகையில் ஒவ்வோர் எண்ணாக எழுத எழுத, இவர் குச்சியால் மண்ணில் எழுதியிருக்கிறார்.

“பத்து வரைக்கும் எழுதிட்டேன், டீச்சர். அதுக்குள்ள தம்பி அழுதுட்டான். அதுக்கு மேல வாத்தியார் என்ன எழுதினாருன்னு எனக்குத் தெரியாது.”

வாயால் ஆயிரம் வரைக்கும் எண்ணத் தெரிந்த அந்த அம்மா, அன்று ஜன்னலில் பார்த்த 10 என்ற ஒன்றை வைத்துக்கொண்டே வாழ்நாள் முழுக்க வியாபாரக் கணக்கு எழுதியிருக்கிறார். எத்தனை பெட்டி மூடிகள், அவற்றில் எத்தனை பத்துகள்.

பேரன் மூடியை வாங்கி மேசைமேல் வைத்தான். ஒன்பது பத்துகளுக்குக் கீழே பென்சிலால் 90 என்று எழுதிக் காட்டினான். அவர் குனிந்து அந்த இரண்டு இலக்கங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“ஒம்பது கட்டும் இதுக்குள்ளயா இருக்கு?”

பென்சிலை வாங்கினார். வெற்றிலைச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். ஒன்பதின் தலையைச் சுழித்து வாலை இழுத்தார். சுழியம் மூடாமல் நின்றுவிட்டது. “வட்டத்தை மூடணும், பாட்டி,” என்றான் அவன். மூடினார். அதன் கீழே இன்னொன்று எழுதினார். அதன் கீழே இன்னொன்று. மூடியின் ஓரம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஏழு வயதுப் பிள்ளை, நாள்தோறும் நான் அவனிடம் சொன்ன அதே குரலில், “இன்னொரு தடவை எழுதுங்க, பாட்டி,” என்றான். அவர் மூடியை மறுபக்கம் திருப்பினார்.