இட்டாலிக்ஸ்: ஆங்கிலத்தில் எழுத்தை எப்போது சாய்க்க வேண்டும்?

[திரையில் ஒரே ஆங்கில வாக்கியம் மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு சொல் சாய்ந்திருக்கிறது.]

"ஐ டோல்ட் ஹெர் யெஸ்டர்டே." தமிழில் இதை எப்படியெல்லாம் சொல்வோம்? நான்தான் நேற்று அவளிடம் சொன்னேன். அவளிடம்தான் நேற்று சொன்னேன். நேற்றுதான் அவளிடம் சொன்னேன். நாம் 'தான்' போட்டுச் செய்கிற வேலையை ஆங்கிலம் பேசுகிறவர் பெரும்பாலும் குரலால் செய்கிறார். ஒரு சொல்லை அழுத்துகிறார், அவ்வளவுதான். குரல் காகிதத்தில் ஏறாதே! அதனால் எழுதும்போது அந்தச் சொல்லைச் சாய்க்கிறார்கள்.

இட்டாலிக்ஸை அழகுக்குப் போடுவது என்று நினைத்துப் பத்தி பத்தியாகச் சாய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எல்லாவற்றையும் அழுத்திப் பேசினால் எதுவுமே அழுத்தமாகக் கேட்காது. சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தில் 'தான்' தானாக வந்து உட்கார்ந்தால் சாய்த்துவிடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

[திரையில் பழைய அச்சுப் பக்கம். எல்லா எழுத்தும் சாய்ந்திருக்கிறது.]

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எழுத்து பிறந்தபோது முழுப் புத்தகமே இதில்தான் அச்சானது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர், ரோமானியக் கவி வெர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான நூலாக வெளியிட்டார். அறிஞர்களின் கையெழுத்தைப் பார்த்து எழுத்துகளைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. இத்தாலியில் பிறந்ததால்தான் இட்டாலிக் என்று பெயர். நேரான எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் பிறகு வந்தது.

[திரையில் ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டை. அப்புறம் உள்ளே ஒரு கவிதை.]

சரி, தலைப்புகளுக்கு வருவோம். தனியாக நிற்கும் முழுப் படைப்பின் பெயரைச் சாய்க்க வேண்டும். அதற்குள் இருக்கும் சிறு பகுதியின் பெயர் மேற்கோள் குறிக்குள் போகும். கவிதைத் தொகுப்பு சாயும், கவிதை சாயாது. ஆல்பம் சாயும், பாட்டு சாயாது. நாளிதழ் சாயும், கட்டுரை சாயாது. பைபிள், குர்ஆன் போன்ற புனித நூல்களின் பெயரைச் சாய்ப்பதில்லை. அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நடையைப் பின்பற்றும் செய்தியறைகளில் இட்டாலிக்ஸே கிடையாது. அங்கே நூல் பெயருக்கும் மேற்கோள் குறிதான். எனவே யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்களுடைய நடைக்கையேட்டை முதலில் பாருங்கள்.

கப்பலின் பெயரும் சாயும். 'ஆர்.எம்.எஸ். டைட்டானிக்' என்பதில் டைட்டானிக் மட்டும் சாய்ந்திருக்க, முன்னால் உள்ள எழுத்துகள் நேராகவே நிற்கும்.

உயிரியலில் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சாய்வெழுத்தில் வரும். 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்பதில் இரண்டு சொல்லும் சாயும், முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. 'ஹோமினிடே' என்ற குடும்பப் பெயர் பொதுவாகச் சாயாது.

அதிகம் குழப்புவது பிறமொழிச் சொல். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, ஆங்கில அகராதியில் குடியேறிவிட்டது. அதைச் சாய்க்க வேண்டாம். சங்கக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'திணை' என்ற சொல் வந்தால், முதல் முறை சாய்த்துப் பொருள் சொல்லுங்கள். அடுத்தடுத்த இடங்களில் நேராக எழுதலாம்.

[திரையில் ஒரு முழு வரி சாய்ந்திருக்கிறது. நடுவில் ஒரு சொல் மட்டும் நேராக நிமிர்கிறது.]

ஏற்கெனவே சாய்ந்திருக்கும் வரிக்குள் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமா? அதை நிமிர்த்திவிடுங்கள். கையால் எழுதுகிறீர்கள் என்றால் சாய்க்கவே வேண்டாம், அடிக்கோடு போதும். தட்டச்சுக் காலத்தில் அச்சுக் கோப்பவர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சாய்வெழுத்தை எடுப்பார்.