தூணுக்குப் பின்னால் சுழலும் தண்ணீர்

வணக்கம் நண்பர்களே. அடையாறு திரு.வி.க. பாலத்து நடைபாதையில் நிற்கிறேன். பஸ் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே அந்தத் தூணைப் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் வழவழவென்று வருகிறது. தூணைத் தாண்டியதும் சுழல், சுழலுக்குள் சின்னச் சுழல். இதைக் கணினியில் எப்படிக் கொண்டுவருவது?

தூண் 1 மீட்டர் அகலம், நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தின் உந்துதல் பிசுபிசுப்பைவிட எவ்வளவு பெரிது என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 5 லட்சம். நீர், காற்று ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கடைசிச் சின்னச் சுழல் வரை தீர்க்க மெஷ்ஷில், அதாவது கணக்குப் போடும் புள்ளி வலையில், எத்தனை புள்ளிகள் வேண்டும்? ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்கு என்பது தோராயக் கணக்கு. போட்டுப் பாருங்கள், 6 லட்சம் கோடிக்கு மேல் வரும். ஒரே ஒரு தூணுக்கு!

அதனால்தான் 1895இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டிய வழியில் வேகத்தைச் சராசரி, ஏற்ற இறக்கம் என்று பிரிக்கிறோம். ஆனால் சராசரி எடுத்ததும் சமன்பாட்டில் புதிய அறியாக் கணியங்கள் முளைத்துவிடும். அவற்றை ஊகித்து நிரப்புவதுதான் டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடல். ஊகம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன்.

கல்லூரி ப்ராஜெக்டில், போகப்போக விரியும் ஒரு காற்றுக்குழாயை கே-எப்சிலான் என்ற டர்புலன்ஸ் மாடலில் ஓட்டினேன். ரெசிடுவல், அதாவது சமன்பாட்டில் தீராமல் மிஞ்சும் அளவு, நன்றாக இறங்கியது. படத்தில் காற்று சுவரை ஒட்டியே போனது. அப்புறம் ஆய்வகத்தில் குழாயின் உள்சுவரில் நூல் துண்டுகளை ஒட்டி ஃபேனைப் போட்டோம். பாதி நூல்கள் எதிர்த்திசையில் ஆடின. காற்று சுவரைவிட்டுப் பிரிந்து, திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த நூல்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

அழுத்தம் ஏறும் பக்கமாக ஓட்டம் போகும்போது கே-எப்சிலான் இப்படித்தான் தடுமாறும். பிரிவைக் குறைத்துக் காட்டும், சில சமயம் காட்டவே காட்டாது. ஆய்வாளர் மென்டர் 1994இல் வெளியிட்ட கே-ஒமேகா எஸ்எஸ்டி மாடல் இந்த இடத்தில் எவ்வளவோ மேல். ஆனால் அதன் முழுப் பலன் கிடைக்க, சுவரருகே மெஷ் நெருக்கமாக இருக்க வேண்டும், ஒய் பிளஸ் 1 அளவில். சுவரிலிருந்து முதல் மெஷ் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அலகில்லாமல் சொல்லும் எண்தான் ஒய் பிளஸ். சுவரை ஒட்டிய ஓட்டத்தைத் தீர்க்காமல் சூத்திரத்தால் நிரப்பும் வழக்கமான வால் ஃபங்ஷன் போட்டால் 30க்கு மேல். நடுவில் 8, 10 என்று விட்டால் இரண்டுக்கும் சேராது. தயவுசெய்து வண்ணப்படத்துக்கு முன்னால் ஒய் பிளஸைப் பாருங்கள்.

சரி, இந்தத் தூணுக்குப் பின்னால் சுழல்கள் மாறி மாறி உதிர்கின்றனவே, அதற்கு ஸ்டெடி ரன் போதாது. நேரத்தோடு நகரும் ரன் வேண்டும். அடுத்த வீடியோவில் இதே தூணை ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில் இரண்டு மாடல்களிலும் அப்படி ஓட்டி, இன்று எடுத்த காட்சிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.