யார்கூடவும் ஓடாதவர்கள்

ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்றால் நம் ஊரில் முதலில் என்ன கேட்போம்? "யார்கூட?" அதுதானே? 2015 பிப்ரவரி 17 அன்று லண்டன் பெத்னல் கிரீனிலிருந்து மூன்று பள்ளி மாணவிகள் கிளம்பினார்கள். ஒருத்திக்கு 16 வயது, மற்ற இருவருக்கும் 15. அவர்கள் யார்கூடவும் போகவில்லை. கேட்விக்கில் விமானம் ஏறி இஸ்தான்புல், அங்கிருந்து பஸ், அப்புறம் எல்லை தாண்டி சிரியா. 'இஸ்லாமிய அரசு' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு தன் தலைநகரமாக வைத்திருந்த ரக்காவுக்குப் போன பிறகுதான் மாப்பிள்ளையே முடிவாக வேண்டும்.

ஒருத்தியின் அறையில் ஒரு பட்டியல் கிடைத்தது. செல்போன், உள்ளாடை, முடி நீக்கும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் நேரே விலை. யுத்தத்துக்குப் போகிறவள் எழுதுகிற பட்டியலா இது? கல்யாணப் பெண் எழுதுவது.

சரி, தரகர் யார்? துப்பாக்கி பிடித்த ஆண்கள்தான் மயக்கினார்கள் என்று நினைக்கிறோம். பெண்களும் அந்த வேலையைச் செய்தார்கள். 2013-லேயே கிளாஸ்கோவிலிருந்து போய் ஒரு போராளியைக் கட்டிக்கொண்ட இளம்பெண் ஒருத்தி, இணையத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லை தாண்டியதும் வீட்டுக்குப் பேசுகிற முதல் போன்தான் ரொம்பக் கஷ்டமானது என்றுகூட எழுதினாள். அம்மாவின் அழுகைக்கே முன்கூட்டித் தயார் செய்கிற தரகர்!

ரக்காவில் கல்யாணமாகாத பெண்களை மதாஃபா என்ற விடுதியில் வைத்தார்கள். வெளியே வர ஒரே வழி, கல்யாணம். அந்த மூவரில் ஒருத்தியான ஷமீமா பேகம், ஆங்கிலம் பேசத் தெரிந்த, 20-லிருந்து 25 வயதுக்குள் இருக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்று மனு கொடுத்தாள். பத்து நாளில் டச்சுக்காரன் ஒருவனோடு நிக்காஹ். தன்னை அரசு என்று சொல்லிக்கொண்ட அமைப்புக்குக் குடும்பங்கள் தேவைப்பட்டன, குழந்தைகள் தேவைப்பட்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-ல் எடுத்த கணக்கில், வெளிநாடுகளிலிருந்து போன 41,490 பேரில் 4,761 பேர் பெண்கள்.

என்னை மிகவும் உறுத்துவது ஒரு கடிதம். இந்த மூவரின் பள்ளியிலிருந்தே இவர்களுடைய தோழி ஒருத்தி 2014 டிசம்பரிலேயே சிரியாவுக்குப் போய்விட்டாள். போலீஸ் விசாரித்தது. பெற்றோருக்கு எழுதிய கடிதங்களை இந்தப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து, வீட்டில் கொடுக்கச் சொன்னது! எந்தப் பிள்ளை கொடுக்கும்? அவர்கள் போன பிறகு பாடப்புத்தகங்களுக்கு இடையில்தான் அவை கிடைத்தன. லண்டன் போலீஸ் தலைவர் அப்புறம் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஷமீமாவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன, மூன்றும் இறந்தன. 2019 பிப்ரவரியில் சிரியாவின் அல் ஹோல் அகதி முகாமில் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தபோது அவள் மூன்றாவது குழந்தையோடு நிறைமாதக் கர்ப்பிணி. அதே மாதம் பிரிட்டன் அவள் குடியுரிமையைப் பறித்தது. அவள் பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க நம்பத்தக்க காரணம் உண்டு என்றது 2023-ல் தீர்ப்பாயம். சொல்லிவிட்டு, பறித்தது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. 2024-ல் மேல்முறையீடும் தோற்றது.

பறித்ததற்கு அரசு சொன்ன சட்ட நியாயம், பெற்றோர் வழியில் அவள் வங்கதேசக் குடிமகள் என்பது. வங்கதேசம் அவள் எங்கள் குடிமகளே இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த நாட்டில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.