மேட்டி துணி போதும்: குறைஞ்ச செலவுல எண்ணித் தைக்கிற கிராஸ் ஸ்டிட்ச்

[காட்சி: மேசை மேல வெள்ளை மேட்டி துணி, பச்சை நூல் ஒரு கட்டு, சிவப்பு நூல் ஒரு கட்டு, ஊசி, கத்தரி, ஸ்கேல், கட்டம் போட்ட கணக்கு நோட்டு]

வணக்கம். கிராஸ் ஸ்டிட்ச் கத்துக்கணும்னு ஆசையா கடைக்குப் போய், கிட் விலையைப் பார்த்துட்டு வெறுங்கையோட வந்தவங்களுக்குத்தான் இந்த வீடியோ. இந்த மேசை மேல இருக்கிறதுதான் மொத்தச் சாமானும்.

எண்ணித் தைக்கிற கிராஸ் ஸ்டிட்ச்ல துணி மேல படம் எதுவும் அச்சடிச்சிருக்காது. படம் கட்டம் போட்ட தாள்ல இருக்கும். தாள்ல ஒரு கட்டம்னா துணியில ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். "15 புள்ளி, 8 வரைக்கும் இடைப்புள்ளி"ன்னு சொன்னதுமே வாசல்ல கோலம் போடத் தெரிஞ்சவங்க வீட்ல இருந்தா, இந்த வேலையில பாதி அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நீலகிரியில தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா போடுற எம்பிராய்டரிக்கு இந்தத் தாள்கூட கிடையாது. இழையை எண்ணி எண்ணியே தைக்கிறாங்க. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின வேலை அது. தையல் வகை வேற, ஆனா அங்கேயும் எண்ணிக்கைதான் எல்லாம்.

[காட்சி: துணி மேல ஸ்கேல், குளோசப்]

முதல்ல துணி. இதுக்குன்னே நெய்யுற துணிக்கு ஐடான்னு பேர். 14 கவுண்ட்னா ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். நல்ல துணிதான், ஆனா பழகுறதுக்கு மேட்டி போதும், அதுவும் கட்டம் கட்டமா எண்ணுற மாதிரி நெய்த துணிதான். பள்ளிக்கூடத்துல தையல் கிளாஸ் இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கால் மீட்டர் வெட்டிக் கேளுங்க.

வாங்குறப்போ ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கையில ஸ்கேல் இருக்கணும். நெடுக்க ஒரு அங்குலம் எண்ணுங்க, குறுக்க ஒரு அங்குலம் எண்ணுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். மேட்டியில சில சமயம் இருக்காது. நெடுக்க 12, குறுக்க 10 இருக்கிற துணியில, 42-க்கு 42 கட்டம் இருக்கிற ஒரு வட்டப் பூவைத் தைச்சா, ஒரு பக்கம் மூணரை அங்குலம், இன்னொரு பக்கம் 4.2 அங்குலம். பூ முட்டையாயிடும்.

அதே 42 கட்டம் 14 கவுண்ட்ல சரியா 3 அங்குலம். நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு அங்குலம் விட்டு, 7 அங்குலச் சதுரமா வெட்டுங்க. ஓரம் பிரியாம இருக்க சாதா நூலால ஒரு சுத்து தைச்சுடுங்க.

இப்போ நூல். ஒரு கட்டுல 8 மீட்டர், அதுக்குள்ள 6 இழை. 14 கவுண்டுக்கு ரெண்டிழை போதும், அப்போ உங்க கையில 24 மீட்டர் இருக்கு. ஒரு கட்டம் சுமார் 1.8 மில்லிமீட்டர். முன்பக்கம் ரெண்டு சாய்கோடு, பின்பக்கம் ரெண்டு நேர்க்கோடு, எல்லாம் சேர்த்து ஒரு தையலுக்கு 9 மில்லிமீட்டர் நூல் போகும். ஆரம்பத்துலயும் முடிவுலயும் வீணாகிறதைக் கழிச்சாலும் 2000 தையல் வரும். 42-க்கு 42 முழுசா நிரப்பினாலே 1764தான்! அதனால முப்பது கலர் பெட்டி வேண்டவே வேண்டாம். ரெண்டே கலர்.

ஆனா அந்த ரெண்டு கலர் நல்ல நூலா இருக்கட்டும். எல்லாத்துலயும் மிச்சம் பிடிங்க, நூல்ல மட்டும் பிடிக்காதீங்க. பேர் இல்லாத சிவப்பு நூல்ல மூணு வாரம் ஒரு ரோஜா தைச்சேன். முதல் அலசல்லயே சாயம் இறங்கி, பூவைச் சுத்தி வெள்ளைத் துணி முழுக்க ரோஸ் கலர். மறுபடி மறுபடி அலசியும் போகல. அன்னிக்கு ரொம்ப அழுதேன். இப்போல்லாம் அடர்கலர் எதுவா இருந்தாலும், நனைச்ச வெள்ளைத் துணியில நூலை அழுத்திப் பார்த்துட்டுத்தான் ஊசியில கோக்குறேன்.

ஊசி, முனை மழுங்கினது. டேபஸ்ட்ரி ஊசி, 24-ம் நம்பர்னு கேளுங்க. கூர் ஊசி இழையையே கிழிச்சுக்கிட்டுப் போகும். துணியை விறைப்பா இழுத்துப் பிடிக்கிற ரிங் இருந்தா நல்லது, இல்லைன்னா கையிலேயே பிடிச்சுத் தைக்கலாம். படத்துக்குக் கணக்கு நோட்டு. கிராஃப் தாள்ல கட்டம் ரொம்பப் பொடிசு, கண்ணு வலிக்கும். நான் வரைஞ்சிருக்கிறது ஒரு கிளி. உடம்பு பச்சை, மூக்கு சிவப்பு.

[காட்சி: துணியை நாலா மடிக்கிறது]

துணியை நாலா மடிச்சா நடுப்புள்ளி கிடைக்கும். தாள்லயும் நடுக்கட்டத்தைக் குறிச்சுக்கோங்க, அங்கிருந்து ஆரம்பிங்க. பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு, வேற கலர் சாதா நூலால தளர்வா ஓடவிடுங்க. எண்ணிக்கை தப்பினா பத்துக்குள்ளேயே பிடிபடும்.

முடிச்சுப் போடாதீங்க, துணி முன்பக்கம் புடைக்கும். இதை நிதானமா பாருங்க. 90 சென்டிமீட்டர் நூல் வெட்டி, அதுல ஒரே இழையை மட்டும் உருவுறேன். ரெண்டா மடிக்கிறேன். ரெண்டு நுனியும் சேர்ந்து ஊசிக் காதுக்குள்ள, மடிப்பு அந்தக் கோடியில. பின்னாலிருந்து ஊசியை மேல கொண்டு வரேன், பின்னாடி மடிப்பு ஒரு சின்ன வளையமா நிக்குது. குறுக்கே போய்க் கீழ இறக்கி, அந்த வளையத்துக்குள்ள ஊசியை விட்டு இழுக்கிறேன். பூட்டிக்கிச்சு. முடிச்சே இல்ல.

ஒரு வரிசை முழுக்க இடமிருந்து வலம் பாதித் தையல் போங்க, திரும்பி வரும்போது மீதிப் பாதியைப் போடுங்க. மேல விழுற கோடு எல்லாமே ஒரே பக்கம் சாயணும். ஒண்ணு மாறினாலும் வெளிச்சம் படும்போது அது தனியாத் தெரியும்.

நூல் முடிஞ்சா பின்பக்கம் நாலஞ்சு தையலுக்கு அடியில ஊசியை நுழைச்சு இழுத்து ஒட்ட வெட்டிடுங்க. எல்லாம் முடிஞ்சதும் சாதாத் தண்ணியில அலசி, தடிமனான டவல் மேல கிளியைக் குப்புறப் போட்டு, பின்பக்கமா இஸ்திரி போடுங்க. தையல் நசுங்காது. திருப்பிப் பார்த்தா கிளி துணியை விட்டு எழும்பி நிக்கும்.