வண்டி வருமுன் கழியும் நேரம்

அவைத்தலைவர் அவர்களே, மருத்துவ, தாதியத் துறை நண்பர்களே, சனசமூக நிலையங்களிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும் என்பது இன்று யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்திய அரசின் நன்கொடையால் 2016ஆம் ஆண்டு யூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய ‘சுவசெரிய’ சேவை, 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. ஏனைய மாகாணங்களுக்கென மேலும் 209 வண்டிகள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்னர், அயலில் யாரிடம் வான் இருக்கிறது, யாருடைய ஓட்டோ வீட்டில் நிற்கிறது என்று நள்ளிரவில் படலை படலையாகத் தட்டித் திரிந்த காலத்தை இங்கிருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே வண்டி போதாது என்று முறையிட நான் இந்த மேடைக்கு வரவில்லை. ஆபத்து நேர்ந்த கணத்துக்கும் வண்டியின் கதவு திறக்கும் கணத்துக்கும் நடுவே கழியும் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு நம்முடையது என்பது என் துணிபு.

1960களின் நடுப்பகுதியில், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ற் நகரில் பிராங்க் பன்றிட்ஜ் என்ற இதயநோய் வைத்தியர், மாரடைப்புக்கு ஆளானவர்களில் பலர் வைத்தியசாலை வாசலை எட்டுமுன்பே இறந்துவிடுவதைக் கண்டு, கார் பற்றறிகளால் இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவியொன்றை அம்புலன்ஸில் ஏற்றி நோயாளியிடமே அனுப்பினார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோ. இன்று அதே வேலையைச் செய்யும் கருவியை ஒரு கையில் தூக்கிச் செல்லலாம். ஆனால் கருவி சிறுத்ததால் நேரம் நீண்டுவிடவில்லை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உதவ எவரும் இல்லையெனில், மின்னதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம்வரை குறைகிறது. வண்டி 10 நிமிடத்தில் வந்து சேர்ந்தாலும் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சாய்ந்தால் நாம் சோடா தெளிக்கிறோம், சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம், சுற்றி நின்று காற்றையும் மறைக்கிறோம். தட்டியும் அசையாமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடப்பவருக்கு வேண்டியது வேறு. நடு மார்பில், மார்பெலும்பின் கீழ்ப்பாதி மீது உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, குறைந்தது 5 சென்ரிமீற்றர் அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை விடாமல் அழுத்த வேண்டும். அழுத்துபவர் விரைவில் களைத்துவிடுவார். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும். இதைக் கற்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்தது அழைப்பு. நம் அழைப்பை ஏற்பவர் கொழும்புக்கு அருகே இராஜகிரியவில் அமர்ந்திருக்கிறார். அவரோடு தமிழில் பேசலாம். ஆனால் அவருக்குக் கோண்டாவிலின் குறுக்கொழுங்கைகள் தெரியவேண்டுமென்பதில்லை. “பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலை, பச்சைக் கேற்” என்று பதற்றத்தில் சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் துண்டித்துவிடுகிறோம். வலிகாமத்தில் பிள்ளையார் கோயில் இல்லாத முடக்கு ஏது? பிரதான வீதியின் பெயர், அருகிலுள்ள சந்தி, கிராம அலுவலர் பிரிவு இலக்கம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தொலைபேசி வைக்கும் இடத்தில் ஒட்டிவைத்தால், பதறுகிற பேத்தியும் பார்த்து வாசிப்பாள். இரவானால் ஒருவர் ரோர்ச்சுடன் சந்திக்குச் சென்று நிற்கட்டும்.

பாம்புக்கடி நம் மண்ணுக்கே உரிய சிக்கல் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தோட்டத்தில் புடையன் தீண்டினால் வீக்கமும் வலியும் உடனே தெரியும். எவரும் அசட்டை செய்வதில்லை. கட்டுவிரியன் அப்படியன்று. நிலத்தில் பாய் விரித்து உறங்குபவரை இரவில் கடித்துவிட்டுப் போகும். கடிவாயில் வீக்கம் பெரும்பாலும் இராது, வலியும் அரிது. விடியற்காலையில் வயிற்று நோவு என்று எழும்புபவரின் இமைகள் மெல்லத் தாழும், பேச்சுக் குழறும், பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. அதை வைத்தியசாலையில், வைத்தியரின் கண்காணிப்பிலேயே ஏற்ற வேண்டும். வழியில் அம்புலன்ஸ் பணியாளர் செய்யக்கூடியது, ஒட்சிசன் கொடுத்து, மூச்சு அடங்கினால் முகமூடியோடு இணைந்த பையை அமுக்கி அதைத் தொடரச் செய்வதாகும். அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அறிந்தவர்கள், இறுகக் கட்டுவதிலும் கீறுவதிலும் பார்வை பார்ப்பதிலும் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கமாட்டார்கள். பரம்பரை விஷகடி வைத்தியர்களை இகழ்வது என் நோக்கமன்று. தம்மிடம் வருபவரை உடனே வைத்தியசாலைக்குத் திருப்பிவிடும் வைத்தியர் ஒருவர், அந்த ஊரின் மிகச் சிறந்த முதலுதவியாளர் ஆவார்.

வீதி விபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டவரைக் கையிலும் காலிலும் பிடித்து ஓட்டோவுக்குள் மடித்து ஏற்றுவதால், முறிந்த கழுத்தெலும்பு முண்ணாணை வெட்டிவிடலாம். பீறிடும் குருதியைத் துணி வைத்து அழுத்திக்கொண்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி காத்திருப்பதே உதவி. பொலிஸ் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்று அஞ்சி ஒதுங்குவோர் பலர். அந்த அச்சத்தைப் போக்கவேண்டிய கடமை பொலிஸாருக்கும் உண்டு.

பாரிசவாதத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது: எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது? குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்கு முன் மூளையில் குருதிக்கசிவு இல்லையென்பதை சீ.ரீ. ஸ்கான் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஆகவே கிட்டிய வைத்தியசாலை எல்லா வேளைகளிலும் உகந்த வைத்தியசாலை ஆகாது. வாய் கோணியது எத்தனை மணிக்கு என்பதை வீட்டார் சரியாகச் சொன்னால்தான் வைத்தியர் முடிவெடுக்க முடியும்.

இறுதியாக நெடுந்தீவு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல்வழி எப்படியிருக்கும் என்பதை அங்கு போய்வந்தவர்கள் அறிவார்கள். அதன் பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தரைவழியும் இருக்கிறது. படகில் ஒட்சிசனும் பயிற்சிபெற்ற ஒருவரும் இல்லாவிட்டால் அது வெறும் பயணமாகவே முடியும். தீவின் வைத்தியசாலை நோயாளியைப் படகில் ஏற்றும்போதே 1990க்கும் யாழ் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் தகவல் போகவேண்டும். படகு துறையை அடையும்போது வண்டி அங்கே நிற்கவேண்டும். இதற்குப் புதிய வண்டியொன்றும் தேவையில்லை. கடற்படை, சுகாதாரத் திணைக்களம், பிரதேச செயலகம் ஆகிய மூன்றும் ஒப்புக்கொண்ட ஒரு நடைமுறைத் தாள் போதும். அதற்கான வரைவை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புமாறு இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.