இடுப்பு முறிந்தால் காக்க வேண்டியது நுரையீரலையும்தான்

பெரியவர்களுக்கும், அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வயதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் வீட்டார் முதலில் கேட்பது, "டாக்டர், எலும்பு கூடுமா? மறுபடி நடப்பாரா?" என்றுதான். எலும்பைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கம்பியோ செயற்கை மூட்டோ வைத்துச் சரிசெய்துவிடலாம். ஆனாலும் இப்படி விழுந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சில ஊர்களில் அதற்கும் மேல், ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதில் நிமோனியா என்னும் நுரையீரல் தொற்றுக்கும் இதய நோய்க்கும் பெரிய பங்கு உண்டு.

மல்லாந்தே படுத்திருப்பவருக்கு மூச்சு ஆழமாக இறங்காது. வலிக்குப் பயந்து இருமமாட்டார். வலி மருந்தின் அசதி வேறு. சளி நுரையீரலின் அடியிலேயே தங்கிவிடும். அந்த நேரம் பார்த்து, நலம் விசாரிக்க வந்த உறவினரிடமிருந்து ஃப்ளூ தொற்றினால் 80 வயது உடம்பு என்ன செய்யும்? 2020-இல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். இடுப்பு முறிவோடு கொரோனாவும் இருந்த முதியவர்களில் மூன்றில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்தார்கள். கொரோனா இல்லாதவர்களில் இறந்தது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

சரி, தடுப்பூசி காப்பாற்றுமா? ஃப்ளூ ஊசி போட்டிருந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் பிழைத்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ஊசி போடுபவர்கள் பெரும்பாலும் உடம்பையும் பேணுகிறவர்கள். பலன் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுத முடியாது. எனக்கு நம்பிக்கை தந்தது, 2021-இல் வெளியான இன்னொரு ஆய்வு. மாரடைப்பு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஓராண்டில் உப்புநீர் போட்டவர்களில் 4.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம்தான். அவர்கள் இதய நோயாளிகள், இடுப்பு முறிந்தவர்கள் அல்ல. ஆனாலும் நம் பெரியவர்கள் பலருக்கும் இதயம் பலவீனம்தானே?

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் விழுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும், ஃப்ளூ ஊசியை வருடா வருடம். நிமோனியா உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் ஊசியைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விழுந்துவிட்டால் ஊசிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது. உடல்நிலை இடம்கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முடித்து, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைக்க வேண்டும். ஊசியை டிஸ்சார்ஜ் ஆகும்போது கேளுங்கள். அப்புறம், பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் மகளும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் போட்டுக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தில் 65 வயதானால் ஃப்ளூ ஊசி இலவசம். இங்கே பெரும்பாலான முதியவர்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார்கள். பென்ஷன்கூட இல்லாத பாட்டி எங்கே போவார்? எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் முதியவர்களுக்கு இதை இலவசமாகத் தரச் சொல்லி மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.